பெயர் சொல்லும் பாலை

ஒரு நிலத்தையும் அந்த நிலத்து மக்களின் சொற்களையும் சேர்த்து நோக்குவது தமிழ் இலக்கியம் பயின்றோருக்குப் பழகிய வழி. இவ்வாரம் அந்த வழியிலேயே சென்று, நமக்கு மிகத் தொலைவிலுள்ள ஒரு நிலத்தைக் காணலாம் என எண்ணுகிறேன். ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கிலே, ஒரிகன் மாநிலத்தின் தென்கிழக்கில் கிடக்கும் உயர்பாலை அது. மாட்டுப் பட்டிகளுக்குப் பெயர்போன நாடு. குதிரையேறிய மாட்டுக்காரனைத் திரைப்படங்களில் நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஆனால் அவன் நிற்கும் நிலத்தின் கதை திரைப்படம் சொல்வதைவிட நீண்டது. அந்தக் கதையைச் சொல்ல அவ்விடத்து ஊர்ப்பெயர்களும் தொழிற்சொற்களுமே போதும்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். பாலை என்றதும் மணற்குன்றும் ஒட்டகமும் நினைவுக்கு வரும். ஒரிகனின் உயர்பாலை அத்தகையதன்று. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில், எரிமலைக் குழம்பு இறுகிய பாறைமீது பரந்து கிடக்கும் மேட்டுநிலம் அது. மேற்கே கஸ்கேட் மலைத்தொடர் மதில்போல நிற்கிறது. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, மலையின் மேற்குச் சரிவிலே மழையைக் கொட்டிவிட்டு வறண்ட காற்றாக மறுபுறம் இறங்குகிறது. ஆகவே ஹார்னி வடிநிலத்துக்கு ஆண்டொன்றில் மழையும் பனியும் சேர்ந்து 10 அங்குலம் அளவிலேயே கிடைக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் பூத்த பச்சை நிறத்தில் சேஜ்பிரஷ் என்னும் புதர் தெரிகிறது. நம் மருக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த செடி அது. கசக்கினால் காரமான மணம் வீசும். இடையிடையே ஜூனிப்பர் மரங்கள், கொத்துக் கொத்தாக முளைக்கும் புற்கள்.

இந்த வறண்ட நிலத்தின் நடுவே ஸ்டீன்ஸ் மலை எழுகிறது. ஏறத்தாழ 80 கிலோமீற்றர் நீளமான இம்மலை பூமி பிளந்து ஒருபக்கம் தூக்கியதால் உண்டானது. மேற்கிலிருந்து ஏறுவோர்க்கு மெல்ல மெல்ல உயரும் சாய்வு; 9,733 அடி உயரமான முகட்டை அடைந்ததும் கிழக்கே ஒரு மைலுக்கும் மேலான செங்குத்துச் சரிவு. கீழே அல்வோர்ட் பாலை, உப்புப் படிந்த வெறுந்தரையாக வெளுத்துக் கிடக்கும். மலைமீது குளிர்காலத்தில் விழும் பனியே அந்நாட்டின் உயிர். இளவேனிலில் அது உருகி ஆறாக இறங்கிப் புல்வெளிகளை நனைத்து, மல்ஹூர் ஏரியிலும் ஹார்னி ஏரியிலும் சென்று தங்குகிறது. அங்கிருந்து கடலுக்கு வழியில்லை. வந்த நீர் அங்கேயே ஆவியாகிறது. சில ஆண்டுகளில் ஏரி வற்றி மண் தெரியும்; 1980களின் நடுப்பகுதியிற் போல வேறு சில ஆண்டுகளில் பெருகி வீடுகளையும் வீதியையும் விழுங்கும்.

தொல்காப்பியர் பாலைக்கெனத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகின்றன என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. பாலையைப் பாடமாக நடத்தும்போது இந்தக் கருத்தை மாணவருக்கு விளங்கவைக்க எனக்கு நல்ல உதாரணமாக அமைவது ஒரிகனின் இந்த மேட்டுநிலந்தான். வைகாசியில் நீர் ததும்பும் புல்வெளி, ஆவணியில் பொன்னிறமாகக் காய்ந்து நிற்கும். அதே ஆவணியில் மலைமுகட்டில் பசும்புல் இருக்கும். எந்த மாதத்தில் எங்கே நீர் உண்டு என்று அறிந்தவனுக்கு அது வாழும் நிலம், அறியாதவனுக்கு வெறும்பாழ். இங்கு மனிதர் ஒருவரோடொருவர் பட்ட பகை யாவும் இந்த இரண்டு பார்வைக்கும் இடையிலேதான் நடந்தது.

நீர் அறிந்தவர்களிலே மூத்தவர்கள் வடபையூட் மக்கள். ஹார்னி வடிநிலத்துப் பையூட்டுகள் தம்மை வடதிகா என்று அழைத்தனர். ஏரிக்கரையின் உவர்நிலத்திலே முளைக்கும் 'வாடா' என்னும் செடியின் விதையை உண்போர் என்பது அதன் பொருள். ஒரு சிறு விதையின் பெயரைத் தம் குலத்தின் பெயராகக் கொண்ட மக்கள் அவர்கள். வேனிலிற் கிழங்கு, ஆற்றில் மீன், இலையுதிர் காலத்தில் ஏரிக்கரை விதை என்று, பருவத்தோடு இடம்மாறி வாழ்ந்தனர். அந்த மேட்டுநிலத்தில் மனித வாழ்வு எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1938இல் போர்ட் றொக் என்னும் இடத்துக் குகையொன்றில், சேஜ்பிரஷ் பட்டையால் முறுக்கிப் பின்னிய காலணிகள் பலவற்றைத் தொல்லியல் அறிஞர் லூதர் கிறெஸ்மன் கண்டெடுத்தார். அவை 9,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை எனக் காலக்கணிப்பு காட்டிற்று. வெறும்பாழ் என்று பின்வந்தோர் எழுதிய தேசத்தில், அந்தப் பாழின் புதரையே பாதுகையாக்கி நடந்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

அடுத்து வந்த பெயர் மல்ஹூர். பிரெஞ்சு மொழியில் இச்சொல்லுக்குக் கெடுகாலம், துர்ப்பாக்கியம் என்று பொருள். ஹட்சன் விரிகுடாக் கம்பனிக்காகத் தோல் சேர்க்க வந்த பிரெஞ்சுக் கனடியர், ஆற்றங்கரையில் தாம் புதைத்து வைத்திருந்த பொருள்கள் களவு போயின என்று அந்த ஆற்றுக்குத் 'துர்ப்பாக்கிய ஆறு' எனப் பெயரிட்டனர். 1826இலேயே இப்பெயர் பதிவாகிவிட்டது. ஸ்டீன்ஸ் மலைக்குப் பெயர் தந்தவர், 1860இல் பையூட் மக்களைத் துரத்திக்கொண்டு அம்மலையைக் கடந்த படை அதிகாரி ஈனக் ஸ்டீன். மலையினின்று இறங்கும் ஆறு டொனர் உண்ட் பிளிட்சன். ஜேர்மன் மொழியிலே இடியும் மின்னலும் என்று பொருள். 1864இல் பையூட்டுகளோடு பொருத ஒரு படைப்பிரிவு, இடிமழையினூடே அவ்வாற்றைக் கடந்ததால் வந்த பெயர். வரைபடத்திலே அழகாகத் தோன்றும் இந்தப் பெயர்களில் ஒன்று களவு பற்றிய முறையீடு. மற்றை இரண்டும் படையெடுப்பின் அடையாளம்.

1872ஆம் ஆண்டு இந்த நிலத்தின் வரலாற்றில் ஒரு கணு. அந்த ஆண்டிலே அமெரிக்க அரசு பையூட் மக்களுக்கென ஏறத்தாழ 18 இலட்சம் ஏக்கர் பரப்பில் மல்ஹூர் ஒதுக்குநிலத்தை வகுத்தது. அதே ஆண்டிலே கலிபோர்னியாவிலிருந்து பீற்றர் பிரெஞ்ச் என்னும் 23 வயது இளைஞர், கோதுமைச் செல்வந்தரான ஹியூ கிளென்னின் முதலோடு, 1,200 மாடுகளை ஓட்டிக்கொண்டு பிளிட்சன் பள்ளத்தாக்கினுள் வந்தார். அவரோடு வந்தவர்கள் சில மெக்சிக்க மாட்டுக்காரர்களும் ஒரு சீனச் சமையற்காரரும். போர்ட்டர் என்பவரிடம் சில மாடுகளையும் அவற்றுக்குச் சுட்ட 'பி' என்னும் குறியையும் வாங்கினார். குறிசுட்ட எழுத்தே பட்டியின் பெயராகி, 'பி' பட்டி என வழங்கிற்று.

மெக்சிக்க மாட்டுக்காரர் என்றேன். ஸ்பானிய மொழியில் அவர்கள் வாக்கெரோ. வாக்கா என்றால் பசு. ஆங்கிலம் பேசியோரின் வாயில் அந்தச் சொல் 'பக்கரூ' எனத் திரிந்தது. அந்த மேட்டுநிலத்து மாட்டுக்காரர் இன்றும் தம்மைக் கௌபோய் என்பதைவிடப் பக்கரூ என்று சொல்வதையே பெருமையாகக் கொள்கின்றனர். தொழிற்சொற்கள் பலவும் இப்படியே. லா ரெயாட்டா என்னும் கயிறு 'லரியட்' ஆயிற்று. குதிரையின் வாயில் இரும்பிடாது மூக்கின்மேல் மாட்டும் ஹாக்கிமா 'ஹக்கமோர்' ஆயிற்று. குதிரைமயிரில் திரித்த மெக்காட்டே என்னும் கயிற்றுக்கு 'மக்கார்ட்டி' என்று, ஏதோ ஓர் அயர்லாந்துக்காரரின் பெயரே வந்து சேர்ந்தது. கன்றின்மீது சுருக்கு வீசியதும், கயிற்றின் மறுநுனியைச் சேணத்தின் கொம்பிலே முடிந்துவிடாமல் சுற்றிப் பிடிப்பது இவர்களின் முறை. கயிறு சற்று வழுக்கிச் செல்வதால் குதிரைக்கும் கன்றுக்கும் அதிர்ச்சி குறையும். ஒரு சுற்றுக் கொடு என்று பொருள்படும் ஸ்பானியத் தொடராகிய 'டார் லா வுவெல்ட்டா' ஆங்கிலத்தில் 'டலி' எனக் குறுகி இந்த முறைக்குப் பெயராயிற்று. பட்டியின் உரிமைப் பத்திரங்களில் வாக்கெரோக்களின் பெயர் இல்லை. ஆனால் பட்டியில் வேலைசெய்வோர் வாய்திறக்கும் போதெல்லாம் அவர்கள் மொழி வருகிறது.

பட்டியின் தொழில்முறை நீரைப் பின்பற்றியது. இளவேனிலில் உருகிவரும் பனிநீரைப் புல்வெளியெங்கும் பரவவிடுவார்கள். கோடையில் புல் முற்றியதும் வெட்டி உலர்த்திப் போராக்குவார்கள். மாடுகள் அந்நேரம் மலைமீது மேயும். பனி விழத் தொடங்கியதும் அவற்றை இறக்கி, சேர்த்த உலர்புல்லைப் போட்டுக் காப்பார்கள். ஆகவே எத்தனை ஏக்கர் வைத்திருக்கிறாய் என்பதைவிட, எத்தனை ஏக்கர் ஈரம் வைத்திருக்கிறாய் என்பதே அங்கே கேள்வி. ஆற்றோரத்தைக் கைக்கொண்டவனுக்கு அதைச் சூழ்ந்த பல்லாயிரம் ஏக்கர் வறண்ட மேய்ச்சற்றரையும் தானாகவே வசப்படும். நீரின்றி வேறெவன் அங்கே மாடு மேய்ப்பான்?

இதை நன்குணர்ந்தவர் பிரெஞ்ச். அக்காலத்தில் சதுப்புநிலங்களை மாநிலத்துக்கு ஒப்படைத்து, மாநிலம் அவற்றைச் சொற்ப விலைக்கு விற்க வகைசெய்யும் சட்டமொன்று இருந்தது. வெள்ளம் தங்கும் புல்வெளிகள் சதுப்பு என்ற கணக்கில் பெரிய பட்டிகளின் கைக்குப் போயின. படகிலே சென்று பார்த்தேன் என்று சத்தியம் செய்வதற்காக, மாட்டுக்காரர் படகை வண்டியிலேற்றி, வண்டியைக் காய்ந்த நிலத்தின்மேல் ஓட்டினார்கள் என்று அமெரிக்க மேற்கிலே ஒரு வேடிக்கைக் கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், பாலை நடுவே நிலம் சதுப்பென்று விலைபோனது மெய். சில ஆண்டுகளில் பிரெஞ்ச் - கிளென் கம்பனியின் நிலம் இலட்சம் ஏக்கரைக் கடந்தது. பிரெஞ்ச் கட்டிய வட்டக் கொட்டகை ஒன்று இன்றும் நிற்கிறது. ஏறத்தாழ 100 அடி குறுக்களவு. ஜூனிப்பர் மரக் கம்பங்கள். நடுவிலே வட்டமான கல்மதில். வெளியே பனி கொட்டும் மாதங்களில், மதிலைச் சுற்றியுள்ள மண்பாதையிலே குதிரைகளை ஓடவிட்டுப் பழக்குவார்கள். அந்த உட்கூரையைப் படத்தில் பார்ப்போருக்கும் கட்டியவர்களின் கைத்திறன் வியப்பூட்டும்.

பட்டி வளர, ஒதுக்குநிலம் தேய்ந்தது. பட்டிக்காரரின் மாடுகள் எல்லை தாண்டிப் பையூட்டுகளின் நிலத்தில் மேய்ந்தன. 1878இல் பனக் போர் மூண்டபோது, போரிற் சேராதவர்களும் தண்டனைக்கு உள்ளானார்கள். 1879 ஜனவரியில், கடும்பனியிலே, 500க்கு மேற்பட்ட பையூட் மக்கள் ஏறத்தாழ 350 மைல் வடக்கேயுள்ள யகாமா ஒதுக்குநிலம் நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். 1880களில் மல்ஹூர் ஒதுக்குநிலம் கலைக்கப்பட்டுப் பொதுநிலமாகியது. இந்த வரலாற்றை உள்ளிருந்து எழுதியவர் பையூட் பெண்ணாகிய சேரா வினமக்கா. மல்ஹூரில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர். அவர் 1883இல் வெளியிட்ட 'பையூட்டுகளிடையே வாழ்வு' என்னும் நூல், அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்ணொருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் தன்வரலாற்று நூலாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. தம் மக்களின் முறையீட்டை, அதைத் தரவேண்டியவர்களின் மொழியிலேயே அவர் எழுதினார். நிலத்தை மீட்டுத்தர அந்நூலால் இயலவில்லை. ஆயினும் அந்த நிலம் ஆளில்லாமல் கிடந்தது என்று இனி எவரும் சொல்லாதவாறு அது தடுத்துவிட்டது.

மீண்டு வந்த பையூட் குடும்பங்கள் சில, பேர்ன்ஸ் என்னும் சிற்றூரின் ஓரத்தில் தங்கின. பேர்ன்ஸ் என்ற பெயர் ஸ்கொட்லாந்துக் கவிஞர் றொபேர்ட் பேர்ன்ஸை நினைந்து 1880களில் இடப்பட்டது. ஏர் பிடித்த உழவர் அவர். தம் கலப்பை ஓர் எலியின் வளையைக் கலைத்துவிட்டதை எண்ணி இரங்கி 1785இல் ஒரு கவிதை பாடியவர். அவர் பெயர் கொண்ட ஊரிலே, வளையிழந்த மக்களுக்கு 1928இல் 10 ஏக்கர் நிலம் கொடுக்கப்பட்டது. அது ஊரின் பழைய குப்பைமேடு. கவிஞரின் பெயரை இட்டவர்கள் கவிதையையும் நினைத்திருக்கலாம். பேர்ன்ஸ் பையூட் ஒதுக்குநிலம் சட்டப்படி நிறுவப்பட்டது 1972இல்; முதலாவது ஒதுக்குநிலம் வகுத்து சரியாக நூறு ஆண்டுகளின் பின்.

பிரெஞ்சின் முடிவும் நிலத் தகராற்றிலேயே வந்தது. ஈரநிலத்தின் ஓரங்களிலே குடியேறிய சிறு விவசாயிகளோடு அவருக்கு ஓயாத வழக்கு. 1897 டிசம்பர் 26ஆந் திகதி, பாதையுரிமைத் தகராறிலே எட் ஒலிவர் என்னும் குடியேறியின் துப்பாக்கிச் சூட்டுக்கு அவர் பலியானார். அப்போது பிரெஞ்சின் கையில் ஆயுதமில்லை. ஆயினும் குடியேறிகளைக் கொண்ட ஜூரிசபை ஒலிவரை விடுதலை செய்தது. இன்று பள்ளத்தாக்கின் முனையில் பிரெஞ்ச்கிளென் என்று ஒரு குக்கிராமம் உண்டு. இலட்சம் ஏக்கர் ஆண்ட இருவரின் பெயர், சில வீடுகளுக்குப் பெயராக எஞ்சியிருக்கிறது.

குடியேறிகளும் வென்றார்களில்லை. 1909ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 320 ஏக்கர் வரை தந்தது. நீரில்லா நிலத்தை உழுது மழையை நம்பி விதைத்தார்கள். சில நல்ல ஆண்டுகளின் பின் வறட்சி வந்தது. கைவிட்டுச் சென்ற வீடுகளின் பலகைகள் இன்றும் அப்பாலையில் வெளுத்துக் கிடக்கின்றன. ஸ்பெயின் எல்லைப்புறத்துப் பாஸ்க் இனத்தவர் செம்மறி மேய்க்க வந்தார்கள். மாதக்கணக்காக மலையில் தனித்திருந்த அந்த இடையர்கள், அஸ்பன் மரத்தின் வெண்பட்டையிலே தம் பெயரையும் ஊரையும் கத்தியாற் கீறினார்கள். அந்த மரங்கள் பட்டுப்போகுந்தோறும் ஒரு நூல் அழிகிறது என்றே சொல்லவேண்டும். எல்லையின்றி மேய்த்ததால் புல் அழிந்து, 1934இல் டெய்லர் மேய்ச்சற் சட்டம் வந்தது. அதன்பின் பொதுநிலத்தில் மேய்க்க அனுமதிப்பத்திரமும் கட்டணமும் வேண்டியதாயிற்று. சொந்த நிலமில்லாத இடையரின் காலம் முடிந்தது.

இன்னொரு குடியையும் சொல்லவேண்டும். அவை பறவைகள். தொப்பிகளுக்கு இறகு வேண்டி வெண்கொக்குகளைக் கொன்று குவித்த காலத்தில், அதனைப் படமெடுத்துக் காட்டியோரின் முயற்சியால், 1908இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் மல்ஹூர் ஏரியைப் பறவைச் சரணாலயமாக்கினார். ஏரியைக் காத்தும் அதற்கு நீர் இல்லாது போயிற்று. ஆகவே 1935இல் அரசு பிரெஞ்சின் பழைய பிளிட்சன் பள்ளத்தாக்கையும் வாங்கிச் சரணாலயத்தோடு சேர்த்தது. நாரைகள் இரைதேடும் புல்வெளிகள் பல, மாட்டுக்காரர் நீர் பாய்ச்சிப் புல் வெட்டிய வெளிகளே.

2016 ஜனவரி 2ஆந் திகதி, பெரும்பாலும் வெளியூர்களிலிருந்து வந்த ஆயுதபாணிகள் அந்தச் சரணாலயத்தின் அலுவலகத்தைக் கைப்பற்றி 41 நாள்கள் வைத்திருந்தார்கள். அரசு நிலத்தை மக்களிடம் திருப்பித்தர வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. அவர்களில் ஒருவர் பொலிசாரின் சூட்டில் இறந்தார். நிலம் திருப்பித்தரப்பட வேண்டுமாயின் அது யாரிடம் என்று பேர்ன்ஸ் பையூட் மக்கள் அப்போது கேட்டார்கள். அவ்விடத்து மாட்டுக்காரர் பலரும் வந்தவர்களோடு சேரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. 2005 முதல் அங்கே பட்டிக்காரர், சூழலியலாளர், பழங்குடியினர், அரசு அலுவலர் யாவரும் ஒரு மேசையில் அமர்ந்து பேசிவருகின்றனர். எவ்விடத்தில், எம்மாதத்தில் புல் வெட்டுவது, மாடு விடுவது, எப்போது பறவைக்கு விடுவது என்று அவர்கள் பேசி, 2013இல் சரணாலயத்துக்கொரு திட்டமும் கண்டார்கள். 2000ஆம் ஆண்டின் சட்டமொன்றால் ஸ்டீன்ஸ் மலையில் மாடு மேயாத வனப்பகுதி வகுக்கப்பட்டதும் நிலமாற்றும் பேச்சும் செய்துதான். பிரச்சினைகள் தீர்ந்துவிடவில்லை. அந்நிய நாட்டுப் புல்லொன்று பரவிக் காட்டுத்தீயை வளர்க்கிறது. ஏரியில் கெண்டை இனத்து அந்நிய மீன் பெருகி நீர்ச்செடிகளை அழிக்கிறது. ஆனால் வழக்கும் துப்பாக்கியும் 1897இல் தராத ஒன்றை, இந்த மெதுவான பேச்சு தந்திருக்கிறது.

அர்சுலா லெ குவின் என்னும் எழுத்தாளரை நம் வாசகர் சிலர் அறிவர். அவருடைய 'அட்டுவானின் கல்லறைகள்' என்னும் 1971ஆம் ஆண்டு நாவலின் பாலைக்களம், இந்த மேட்டுநிலத்துக்கு அவர் மேற்கொண்ட பயணத்திற் பிறந்தது. பின்னும் பலமுறை அங்கு சென்று, ஸ்டீன்ஸ் மலைநாட்டைப் பற்றிய தம் கவிதைகளை 2010இல் நூலாக்கினார். யாருமில்லை என்று பிறர் கடந்துபோன வெளியிலே அவருக்கு ஓர் உலகமே கிடைத்தது.

ஹார்னி மாவட்டம் இலங்கையின் பரப்பில் ஐந்தில் இரண்டு அளவினது. வாழ்வோரோ ஏறத்தாழ 7,500 பேர். எண்ணிப் பார்த்தால் வெறுமை என்றே தோன்றும். பெயர்களைப் படித்தால் அப்படித் தோன்றாது. விதையுண்போர் ஒரு சொல்லை விட்டார்கள். தோல் வணிகர் ஒன்று, படையினர் ஒன்று, வாக்கெரோக்கள் ஒரு கைப்பிடி, இடையர் மரப்பட்டையில் சில. மாட்டுப் பட்டியின் மரபு என்று அந்நாட்டார் இன்று போற்றுவது இத்தனை பேரின் உழைப்பையும் இழப்பையும் சேர்த்தே. ஒரு நிலத்தைத் தரிசு என்றோ வெறும்பாழ் என்றோ எழுதப் பேனா எடுப்பவர், அங்குள்ளோர் அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று முதலில் கேட்கவேண்டும். ஹார்னி வடிநிலத்திலே அப்படிக் கேட்டிருந்தால், முதல் விடை ஓர் ஏரிக்கரை விதையின் பெயராக இருந்திருக்கும்.